எழுத்தில் பிறந்த பேய்களும் திரையில் நடந்த பேய்களும்

மட்டாஞ்சேரியில் மங்ஙாட்டுமுக்கு என்னும் இடத்தில் கப்பிரி முத்தப்பனுக்கு ஒரு சிறு மேடை உண்டு. அந்தி சாயும் வேளையில் அங்கே மெழுகுவத்தி ஏற்றுவோரையும் சுருட்டு வைத்து வணங்குவோரையும் காணலாம். கள்ளும் புட்டும் படைப்பாரும் உளர். 1663ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் கொச்சியைக் கைப்பற்றியபோது, தோற்றோடிய போர்த்துகீசியர் தம் செல்வத்தைச் சுவர்களிலும் மரத்தடிகளிலும் புதைத்து, அதற்குக் காவலாகத் தம் ஆப்பிரிக்க அடிமைகளை அங்கேயே கொன்று போட்டனர் என்பது கர்ணபரம்பரைச் செய்தி. அந்த அடிமையின் ஆவியே கப்பிரி. ஆயினும் இந்த ஆவி எவரையும் அடிப்பதில்லை, இரத்தம் குடிப்பதில்லை. மதிற்சுவரின்மேல் அமர்ந்து சுருட்டுப் புகைத்துக்கொண்டிருக்கும் என்று சொல்வார்கள். வழி தவறியவர்க்கு வழிகாட்டும் என்று நம்புவோரும் உண்டு. கொடுமை இழைத்தவர்கள் கப்பலேறிப் போய்விட்டார்கள். கொடுமைக்கு ஆளானவன் மட்டும் ஊரில் தங்கி, ஊராருக்கு முத்தப்பன் ஆகிவிட்டான்.

தமிழ்நாட்டு மண்ணில் வளர்ந்த நமக்கு இது புதுமையாகத் தோன்றுவதில் வியப்பில்லை. நம் பழையனூர் நீலி வேறு இனத்தவள். கணவனால் கொலையுண்டு, மறுபிறப்பில் கள்ளிக்கட்டையைக் குழந்தையாக இடுப்பில் ஏந்தி வந்து வழக்குரைத்துப் பழி தீர்த்தவள். திருஞானசம்பந்தரின் திருவாலங்காட்டுப் பதிகத்திலேயே அவள் நிழல் விழுந்திருக்கிறது. சமணர் அவளையும் விடவில்லை. முனிவர் ஒருவரிடம் அறம் கேட்கச் செய்து, 'நீலகேசி' என்னும் தருக்க நூலுக்கே தலைவியாக்கிவிட்டனர்! நாஞ்சில் நாட்டில் அவளே இசக்கி. அவள் கதையை வில்லுப்பாட்டில் விடிய விடியக் கேட்டவர்களும், அவர்தம் மக்களும் நம் சங்கத்திலேயே இருக்கிறார்கள். மலையாளக் கரையில் அவள் கள்ளியங்காட்டு நீலி. சுண்ணாம்பு கேட்டு வழிமறிக்கும் யட்சிகளின் கூட்டத்தில் அவளுக்குத் தலைமையிடம். கொட்டாரத்தில் சங்குண்ணி 1909ஆம் ஆண்டு முதல் தொகுத்து வெளியிட்ட 'ஐதிஹ்யமாலா'வைப் புரட்டினால் யட்சிகளுக்குப் பஞ்சமில்லை. ஆக, பேய்க்கதை என்பது இரு மொழிக்கும் பொதுச்சொத்து. அச்சொத்து நாவலாகி, நாவல் திரைப்படமாகியபோது நேர்ந்த மாற்றங்களை, நாம் குடியேறி வாழும் இக்கொச்சியின் பக்கத்திலிருந்து நோக்குவதே இக்கட்டுரையின் கருத்து.

மலையாளத் திரையுலகின் முதற் பேய்ப்படம் என்று பெரும்பாலாரும் சுட்டுவது 'பார்கவி நிலையம்'. ஆண்டு 1964. அதன் மூலக்கதை வைக்கம் முகம்மது பஷீர் எழுதிய 'நீலவெளிச்சம்' என்னும் சிறுகதை. பஷீரைப் பேய்க்கதை எழுத்தாளர் என்று சொன்னால் அவருடைய வாசகர்கள் நம்மோடு சண்டைக்கு வருவார்கள். 'பால்யகால சகி'யும் 'மதிலுகள்' என்னும் குறுநாவலும் எழுதிய பெருங்கலைஞர் அவர். விடுதலைப் போரில் சிறை சென்றவர். எறணாகுளத்தில் புத்தகக்கடை வைத்துப் பிழைத்தவர். ஆயினும் இந்த ஒரு கதையால் மலையாளப் பேய்ப்படங்களுக்கெல்லாம் மூதாதையாகிவிட்டார்.

கதை மிகச் சிறியது. இளம் எழுத்தாளன் ஒருவன் தங்க இடமின்றித் தேடி, ஒரு பழைய மாடி வீட்டை வாடகைக்குப் பிடிக்கிறான். குடிபுகுந்த பிறகுதான் ஊரார் சொல்கிறார்கள்: அங்கே பார்கவி என்றொரு பெண் காதலில் தோற்றுக் கிணற்றில் விழுந்து மாண்டாள், அவள் ஆவி எவரையும் அங்கே வாழவிடாது. எழுத்தாளன் என்ன செய்கிறான்? மந்திரவாதியை அழைக்கவில்லை, மூட்டை கட்டவும் இல்லை. அந்தப் பெண்ணோடு பேசத் தொடங்குகிறான். பெயர் சொல்லி அழைத்து, தான் வந்த காரணத்தைச் சொல்லி, தன் வறுமையைச் சொல்லி, இசைத்தட்டு போட்டுப் பாட்டுக் கேட்கச் செய்து, அவளை வீட்டில் உடன் வாழும் ஒருத்தியாகவே பாவிக்கிறான். ஓர் இரவு எழுதிக்கொண்டிருக்கும்போது விளக்கில் மண்ணெண்ணெய் தீர்கிறது. நண்பர்கள் தங்கியிருக்கும் இடத்துக்குச் சென்று எண்ணெய் வாங்கித் திரும்பி வந்து பார்த்தால், அணைந்துபோக இருந்த விளக்கு நீலச்சுடராய் எரிகிறது. அறை முழுவதும் நீல ஒளி. அதற்கு ஆசிரியர் விளக்கம் எதுவும் தரவில்லை.

இக்கதையை மலையாளிகள் எப்படிப் படிக்கிறார்களோ, நாம் அறியோம். நமக்கு இது முதலில் ஒரு வாடகை வீட்டுக் கதை. மாற்றல் உத்தரவைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பெட்டி படுக்கையோடு வந்து இறங்கியவர்கள் நம்மில் பலர். கோட்டைக் கொச்சி தோபிகானாவில் தலைமுறை தலைமுறையாகத் துணி வெளுக்கும் நம்மவர்களின் முன்னோரும் அவ்வாறு வந்தவர்களே. மொழி தெரியாத ஊரில், பிறர் வாழ்ந்து விட்டுப்போன வீட்டில், முந்திய குடியின் ஆணித்துளைகளும் கரிப்படிந்த அடுப்பும் நம்மை நோக்கிக்கொண்டிருக்க, முதல் இரவைக் கழிப்பது எப்படி என்பது நமக்கு ஏட்டுச் சுரைக்காய் அன்று. வாடகை குறைவென்றால் காரணம் விசாரிக்க வேண்டும் என்று நம் வீட்டு மூதாட்டியர் சொல்வார்கள். பஷீரின் எழுத்தாளன் விசாரிக்கவில்லை. ஆனால் வீட்டில் முன்னமே இருப்பவளிடம் மரியாதையாக அனுமதி கேட்டான்.

இக்கதையைப் படமாக்கியவர் கோட்டைக் கொச்சிக்காரரான டி. கே. பரீக்குட்டி. மலையாளத்துக்கு முதன்முதலாகக் குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் பெற்றுத் தந்த 'நீலக்குயில்' (1954) அவருடைய சந்திரதாரா நிறுவனத்தின் படைப்பே. பத்தாண்டு கழித்து அவர் பஷீரின் கதையை எடுத்தபோது, திரைக்கதையைப் பஷீரையே எழுதச் செய்தார். இயக்கும் பொறுப்பை ஏ. வின்சென்டிடம் ஒப்படைத்தார். வின்சென்டுக்கு இது முதற்படம். ஆயினும் தமிழருக்கு அவர் அயலார் அல்லர். ஸ்ரீதரின் 'கல்யாணப் பரிசு' (1959), 'நெஞ்சில் ஓர் ஆலயம்' (1962), 'காதலிக்க நேரமில்லை' (1964) ஆகியவற்றுக்கு ஒளிப்பதிவு செய்தவர் அவர். முற்பிறவி நினைவையும் பாழடைந்த மாளிகையையும் கொண்ட 'நெஞ்சம் மறப்பதில்லை' (1963) படத்தின் ஒளியும் நிழலும் அவர் கைவண்ணமே. அந்தத் தமிழ் மாளிகையில் பயின்ற கையே மறு ஆண்டு பார்கவியின் வீட்டுக்குள் நுழைந்தது என்று நாம் கருதுவது மிகையாகாது.

சிறுகதை திரைக்கதையானபோது உடல் பருத்தது. மூலத்தில் பார்கவியின் காதலனைப் பற்றிய வரலாறு வெறும் ஊர்ப்பேச்சு. படத்திலோ அவனுக்குச் சசிகுமார் என்று பெயர், பாடகன், பிரேம் நசீர் உருவில் அடுத்த வீட்டில் குடியிருக்கிறான். பார்கவியாக விஜய நிர்மலா. எழுத்தாளனாக மது. பார்கவியை அடையத் துடிக்கும் முறைமாப்பிள்ளை நாணுக்குட்டன் என்னும் கொடியவனாகப் பி. ஜே. ஆன்றணி, எறணாகுளத்தை அடுத்த பச்சாளத்தில் பிறந்த இவரே பின்னர் 'நிர்மால்யம்' (1973) படத்துக்காகத் தேசிய விருது பெற்றவர். பார்கவி தற்கொலை செய்துகொள்ளவில்லை, கொல்லப்பட்டாள் என்று படம் மாற்றுகிறது. எழுத்தாளன் அவள் வரலாற்றை எழுதி அவளுக்கே படித்துக் காட்டுகிறான். உண்மை வெளிப்பட்டுக் கொலைகாரன் கிணற்றிலேயே மடிகிறான்.

இம்மாற்றம் நல்லதா? நம் கருத்தைச் சொல்லிவிடுகிறோம். கதையின் பெருமை, அந்த நீல ஒளிக்குக் காரணம் சொல்லாமையில் இருந்தது. படம் காரணம் சொல்லியாக வேண்டியிருந்தது. இரண்டரை மணி நேரம் இருட்டில் அமர்ந்திருப்பவனுக்கு வில்லன் வேண்டும், நீதி வேண்டும். அவ்வகையில் பஷீரின் பார்கவி நம் பழையனூர் நீலிக்குச் சற்று நெருங்கி வந்துவிட்டாள். ஆயினும், தன் கதை எழுதப்படுவதால் ஓர் ஆவி அமைதி பெறுகிறது என்னும் புனைவு படத்துக்கே உரியது. பேயை ஓட்டுவது வேப்பிலை அன்று, எழுதுகோல் என்றார் பஷீர். இதை ஓர் எழுத்தாளன் தன் இனத்துக்குச் செய்துகொண்ட சிறப்பு என்றும் கொள்ளலாம்.

இன்னொன்றும் உண்டு. படம் கறுப்பு வெள்ளை. கதையின் பெயரோ நீலவெளிச்சம். நீலம் என்னும் நிறமே இல்லாத படச்சுருளில் நீல ஒளியை எங்ஙனம் காட்டுவது? வீட்டின் பெயரைப் படத்துக்குச் சூட்டினார்கள். அதனால் விளைந்த பயன் எதிர்பாராதது: இன்று கேரளத்தில் பூட்டிக் கிடக்கும் எந்தப் பாழ்வீட்டையும் 'பார்கவி நிலையம்' என்றுதான் சொல்கிறார்கள். ஒரு கலைப்படைப்பு மக்கள் வழக்கில் ஒரு சொல்லாக வாழ்வது எளிதில் கிட்டும் பேறன்று. சிரிப்பு நடிகர் பத்மதளாட்சனுக்கு இப்படத்தில் ஏற்ற வேடத்தின் பெயரே வாழ்நாள் முழுதும் நிலைத்தது. குதிரவட்டம் பப்பு என்றால்தான் எவருக்கும் தெரியும்.

பாட்டுகளைப் பற்றிச் சொல்லாமல் இப்படத்தைக் கடக்க முடியாது. பி. பாஸ்கரன் எழுத, எம். எஸ். பாபுராஜ் இசையமைத்தார். பீம்பலாசி இராகத்தில் அமைந்த ஒரு பாடலைப் பாடிய யேசுதாசுக்கு அன்று இருபத்து நான்கு வயது. 1940இல் கோட்டைக் கொச்சியில் பிறந்தவர். எஸ். ஜானகியின் குரலில் ஒலிக்கும் சோகப் பாடல்களைக் கேட்டவர்கள், பேய் என்றால் அச்சம் என்பதையே மறந்துவிடுவார்கள். பயமுறுத்த வேண்டிய படம் பாட்டால் உருக்கியது. மட்டாஞ்சேரியில் மெஹஃபில்களில் இன்றும் பாபுராஜின் மெட்டுகள் பாடப்படுகின்றன.

நான்காண்டு கழித்து, 1968இல், 'யட்சி' வந்தது. மலையாற்றூர் ராமகிருஷ்ணன் 1967இல் எழுதிய நாவலைக் கே. எஸ். சேதுமாதவன் இயக்கினார். இந்நூலாசிரியரைப் பற்றி நம் சங்கத்து இளைஞர்கள் அறிய வேண்டும். அவர் 1927இல் பாலக்காட்டுக் கல்பாத்தியில், தமிழ் பேசும் குடும்பத்தில் பிறந்தவர். இந்திய ஆட்சிப் பணியில் உயர்பதவி வகித்தார். கேரளத்தில் வேர்விட்ட தமிழ்க் குடும்பமொன்றின் வரலாற்றை 'வேருகள்' என்னும் நாவலாக்கிக் கேரள சாகித்ய அகாதெமியின் பரிசையும் பெற்றார். நாள் முழுதும் கோப்புகளோடு மல்லாடியவர் இரவில் யட்சிகளோடு உறவாடினார் என்பது, கோப்புகளோடு மட்டுமே காலம் தள்ளும் நம் போன்றோர்க்கு ஓர் ஆறுதல்.

'யட்சி'யின் போக்கு வேறு. சீனிவாசன் ஒரு கல்லூரி விரிவுரையாளன். ஆய்வுக்கூட விபத்தில் அவன் முகம் வெந்து விகாரமாகிறது, காதலித்தவள் கைவிடுகிறாள். அப்போது ராகினி என்னும் பேரழகி தானே வந்து அவனை விரும்புகிறாள். இத்தகைய முகத்தை ஒருத்தி ஏன் விரும்ப வேண்டும்? இவள் பெண்ணா, யட்சியா? ஐயம் வளர்ந்து வளர்ந்து, அவன் அவளைக் கொன்றுவிடுகிறான். சத்யனும் சாரதாவும் நடித்தார்கள். ராகினி யார் என்னும் ஐயத்தை நாவல் வாசகன் நெஞ்சிலேயே விதைக்கிறது. திரையிலோ சாரதா என்னும் இரத்தமும் சதையுமான நடிகை நம் முன் நிற்பதால், ஐயப்படுபவன்மீதே நம் இரக்கமும் அச்சமும் திரும்புகின்றன. பேய் பெண்ணிடத்தில் இல்லை. தன்னை எவரும் விரும்பமாட்டார் என்று முடிவுகட்டிய ஆணின் நெஞ்சில் இருக்கிறது. இவ்வகையில் இப்படம் பார்கவி நிலையத்தைவிடத் துணிவுள்ளது என்பது நம் துணிபு. பாட்டுகளில் மட்டும் பார்கவியே வெல்கிறாள்.

இவ்விருவரும் இலக்கிய மேடையில் அமர்ந்தவர்கள். வார இதழ்களில் தொடர்கதையாகப் பல்லாயிரவரை நடுங்கவைத்த கோட்டயம் புஷ்பநாத் (1938–2018) கதை வேறு. பள்ளி ஆசிரியராயிருந்து, நூற்றுக்கணக்கில் துப்பறியும் நாவல்களும் மந்திரவாத நாவல்களும் எழுதியவர். தமிழிலும் அவர் நூல்கள் மொழிபெயர்ந்தன. ஆயினும் அவர் நாவல்களில் திரைக்கு வந்தவை விரல்விட்டு எண்ணத்தக்கவையே. தமிழிலும் பேய்க்கதை மன்னர் எனப் பெயர் பெற்ற பி. டி. சாமியின் மலிவுப் பதிப்புகள் இரயில் நிலையங்களில் குவிந்து விற்றனவே தவிர, திரையுலகம் அவ்வளவாக அப்பக்கம் திரும்பவில்லை. இந்திரா சௌந்தர்ராஜனின் 'விடாது கருப்பு' கூடச் சின்னத்திரையில்தான் தமிழரைக் கட்டிப்போட்டது. பனிபடர்ந்த மலைக்கோட்டையை நாவலாசிரியன் அரைப்பக்கத்தில் எழுப்பிவிடுவான். படமுதலாளிக்கோ மரமும் ஆணியும் கூலியும் கணக்கில் வரும். இதுவும் ஒரு காரணமாகலாம்.

பஷீரின் மற்றொரு படைப்பை இங்கே நினையாமல் இருக்க முடியவில்லை. 'மதிலுகள்' குறுநாவலை அடூர் கோபாலகிருஷ்ணன் படமாக்கினார்; 1990இல் திரைக்கு வந்தது. சிறைமதிலுக்கு அப்பால் நாராயணி என்றொரு கைதி, இப்பால் எழுத்தாளன். இருவரும் குரலால் காதலிக்கிறார்கள். கண்ணால் காண்பதே இல்லை. படத்திலும் நாராயணி தோன்றுவதில்லை, கே.பி.ஏ.சி. லலிதாவின் குரல் மட்டும் மதிலைத் தாண்டி வருகிறது. அது பேய்ப்படம் அன்று. ஆயினும் காணாத பெண்ணோடு பேசும் அதே எழுத்தாளன்தான். பார்கவிக்கு வின்சென்ட் உருவம் கொடுத்தார். நாராயணிக்கு அடூர் கொடுக்க மறுத்தார். பஷீரை நன்கு படித்தவர் இவ்விருவரில் எவர் என்பதைச் சங்கத்தின் வாசகர் வட்டத்தில் வாதிடலாம்.

பஷீர் 1994இல் மறைந்தார். 2023ஆம் ஆண்டு ஏப்ரலில் ஆஷிக் அபு இதே கதையை மீண்டும் படமாக்கினார்; பஷீரின் திரைக்கதையே அடிப்படை. எழுத்தாளனாக டோவினோ தாமஸ், பார்கவியாக ரீமா கல்லிங்கல். பாபுராஜின் மெட்டுகளே புதிய இசைக்கோவையில் ஒலித்தன. இம்முறை வண்ணப்படம், ஆதலால் வீட்டின் பெயர் விலகி, கதையின் பெயரே படத்தின் பெயராயிற்று: 'நீலவெளிச்சம்'. அறுபதாண்டுக் காலம் கறுப்பு வெள்ளையில் நம் கற்பனைக்கு விட்டிருந்த நீலம் திரையிலே வந்தது. அழகாகவே இருந்தது. ஆயினும் சிறுகதையைப் படித்து முடித்த இரவில் நம் கண்ணுக்குள் எரிந்த நீலம் அதுவன்று.