கட்டைவிரலின் காலம்

மனிதனுடைய பத்து விரல்களிலே கட்டைவிரலுக்கு நேர்ந்த கதி வேறு எந்த விரலுக்கும் நேர்ந்ததில்லை. துரோணர் குருதட்சிணையாக ஏகலைவனிடம் கேட்டு வாங்கியது அதைத்தான். லேவாதேவிக்காரர்கள் கடன் பத்திரத்தில் மை தடவி உருட்டியதும் அதைத்தான். எழுதப் படிக்கத் தெரியாதவனுக்குக் 'கைநாட்டு' என்று நம் ஊரில் ஒரு பட்டப்பெயரே உண்டு அல்லவா? எழுத்து என்னும் வித்தை மற்ற விரல்களுக்கு, கட்டைவிரலுக்கு மைக்கறை மட்டுமே என்று பல தலைமுறைகளாக நாம் தீர்ப்புச் சொல்லி வைத்திருந்தோம்.

அந்தத் தீர்ப்பு மாறிய காலம் ஒன்று வந்தது. 1999-ஆம் வருஷம் தொடங்கி ஏறக்குறையப் பதினைந்து வருஷ காலம், உலகத்தின் மகா அவசரக்காரர்கள் - மந்திரிகள், வக்கீல்கள், பாங்கு அதிகாரிகள், பத்திரிகைக்காரர்கள் - தங்கள் கடிதங்களை இரண்டு கட்டைவிரல்களாலேயே எழுதித் தள்ளினார்கள். அவர்கள் கையில் இருந்தது உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு கருவி. மேல்பாதியில் சிறிய திரை. கீழ்ப்பாதியில் சோளமணிகளைப் போல நெருக்கமாக முப்பதுக்கு மேற்பட்ட விசைகள். அந்தக் கருவியின் சரித்திரத்தைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். எழுதுவதற்கென்று செய்த ஒரு சாதனம், பார்ப்பதற்கென்று செய்த இன்னொரு சாதனத்திடம் தோற்றுப்போன கதை அது. ஜெயித்தவர் யார் என்று எல்லோருக்கும் தெரியும். தோற்றவர் பக்கத்து நியாயத்தையும் யாராவது சொல்ல வேண்டாமா?

கதை, உள்ளங்கையில் ஆரம்பிக்கவில்லை, மேஜைமேல் ஆரம்பிக்கிறது. அமெரிக்காவில் மில்வாக்கி நகரத்தில் கிறிஸ்டபர் ஷோல்ஸ் என்று ஒரு பத்திரிகைக்காரர் இருந்தார். தம் நண்பர்களுடன் சேர்ந்து அவர் 1868-ல் ஓர் எழுத்து யந்திரத்துக்கு உரிமைப் பத்திரம் வாங்கினார். துப்பாக்கிக்கும் தையல் யந்திரத்துக்கும் பேர்போன ரெமிங்டன் கம்பெனி 1874-ல் அதைக் கடைக்குக் கொண்டு வந்தது. எழுத்துக்களின் மேல் வரிசை க்யூ, டபிள்யூ, ஈ, ஆர், டி, ஒய் என்று தொடங்கும் அமைப்பை ஷோல்ஸ் 1878-ல் வாங்கிய இன்னொரு உரிமைப் பத்திரத்தில் காணலாம். அந்த வரிசையை ஏன் அப்படி அமைத்தார் என்று அறிஞர்கள் இன்றைக்கும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் வாதாடட்டும். உலகம் அந்த வரிசையைக் கற்றுக்கொண்டுவிட்டது. நம் ஊர்களிலும் மாடிப்படி ஏறினால் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் இருக்கும். 'லோயர்', 'ஹையர்' பரீட்சைகளுக்காக எத்தனை வாலிபர்களும் யுவதிகளும் விடியற்காலையில் போய்த் தட்டிப் பழகியிருக்கிறார்கள்! அவர்கள் அங்கே கற்றுக்கொண்டது என்ன? எழுத்து எங்கே இருக்கிறது என்பதைக் கண் மறந்துவிட வேண்டும், விரல் நினைவு வைத்துக்கொள்ள வேண்டும். இந்த ஒரு பாடம்தான். பின்னால் வந்த கட்டைவிரல் சாம்ராஜ்யம் இந்தப் பாடத்தின்மேல்தான் எழும்பியது.

மேஜையிலிருந்து கைக்கு அந்த வரிசையைக் கொண்டுவரப் பலர் முயன்றார்கள். 1996-ல் நோக்கியா கம்பெனி வெளியிட்ட 'கம்யூனிகேட்டர்' என்னும் டெலிபோன், மூக்குக்கண்ணாடிக் கூட்டைப் போலத் திறக்கும். உள்ளே முழு விசைப்பலகை இருக்கும். எடை ஏறக்குறைய 400 கிராம். சட்டைப்பையில் போட்டால் சட்டை ஒரு பக்கமாகச் சாயும்.

வழி கண்டுபிடித்தவர் கானடாவில் இருந்தார். இஸ்தான்புல் நகரத்தில் கிரேக்கக் குடும்பத்தில் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே கானடாவுக்கு வந்து சேர்ந்தவர் மைக் லசாரிடிஸ். வாட்டர்லூ சர்வகலாசாலையில் படித்துக்கொண்டிருந்தவர், பட்டம் வாங்குவதற்கு முன்பே வெளியேறி, 1984-ல் டக்ளஸ் ஃபிரெகின் என்ற நண்பருடன் 'ரிசர்ச் இன் மோஷன்' என்ற சிறு கம்பெனியைத் தொடங்கினார். 1992-ல் ஜிம் பால்சிலி வந்து சேர்ந்து வியாபாரப் பக்கத்தைக் கவனித்துக்கொண்டார். 1996-ல் அவர்கள் செய்த 'பேஜர்' செய்தியை வாங்கவும் செய்யும், அனுப்பவும் செய்யும். கருவியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டால் எட்டு விரல்கள் பின்பக்கம் போய்விடுகின்றன. முன்னால் மிஞ்சுவது கட்டைவிரல் இரண்டும்தான். ஆகவே அவற்றுக்கேற்ற விசைகளைச் செய்வோம் என்று தீர்மானித்தார்கள். பத்து விரல் வித்தையை இரண்டு விரலுக்குச் சுருக்கிய யோசனை அது.

1999-ல் அந்தக் கருவிக்குப் 'பிளாக்பெர்ரி' என்ற நாமகரணம் நடந்தது. விசைகள் பழத்தின் விதைகளைப் போலத் தோன்றியதால் வந்த பெயர் என்பார்கள். முட்செடியில் காய்க்கும் கரிய பழம் அது. ஔவையாரை முருகன் சோதித்த நாவற்பழம் அன்று. முதலில் வந்த பிளாக்பெர்ரியில் பேச முடியாது. மின்னஞ்சல் வரும், போகும், அவ்வளவுதான். ஆனால் அந்த மின்னஞ்சல் வந்த விதம்தான் அதிசயம். அதுவரையில் தபாலாபீஸுக்குப் போய் 'எனக்குக் கடிதம் உண்டா?' என்று கேட்பவரைப் போல நாமே கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து கடிதத்தைத் தேட வேண்டியிருந்தது. பிளாக்பெர்ரியில் தபால்காரர் தாமாகவே வந்து வாசற்கதவைத் தட்டினார். ஒரே ஒரு சிறிய பென்சில் பாட்டரியில் அது வாரக்கணக்கில் ஓடியது. 2002-ல் பேசும் வசதியும் சேர்ந்தது.

அவசரக்காரர்கள் அதன்மேல் ஏன் அப்படி மோகம் கொண்டார்கள்? பெரிய காரணம் ஒன்றும் இல்லை. சின்னச் சின்னக் காரணங்கள் பல. ஒவ்வொரு விசையும் ஒரு பக்கம் சற்றுச் சாய்ந்திருக்கும்; எங்கே ஒன்று முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்று விரல் நுனிக்குத் தெரியும். 2008-ல் வந்த 'போல்ட்' என்ற மாதிரியில் வரிசைகளுக்கு நடுவே, கிட்டார் வாத்தியத்தின் மெட்டுக்களைப் போல் மெல்லிய உலோகக் கம்பிகள் ஓடின. இடைவெளி விசையை இரண்டு தரம் தட்டினால் முற்றுப்புள்ளி தானே விழும். அடுத்த எழுத்து தானே பெரிய எழுத்தாகும். ஓர் எழுத்தை அழுத்திப் பிடித்தாலும் பெரிய எழுத்து. நீளமான கடிதத்தில் 'டி' என்ற எழுத்தைத் தட்டினால் தலைப்புக்குப் போகலாம். 'பி' என்றால் அடிக்குப் போகலாம். செய்தி வந்தால் ஓரத்தில் ஒரு சிவப்பு விளக்கு சத்தமில்லாமல் மினுக்கும். கூட்டத்தில் தலைவர் பேசிக்கொண்டிருக்க, மேஜைக்கடியில் பதில் போய்க்கொண்டிருக்கும். முகம் மட்டும் தலைவரைப் பார்த்துப் புன்னகை செய்துகொண்டிருக்கும்!

நானும் சில வருஷம் அப்படி ஒரு டெலிபோனை வைத்திருந்தேன். இரவு ரயிலில் மேல் பெர்த்தில் படுத்து, விளக்கை அணைத்த பிறகு, 'இந்த வாரத்து அத்தியாயம் நாளை மாலை வந்து சேரும்' என்று ஆசிரியருக்கு இங்கிலீஷில் நாலு வரி எழுதுவேன். திரையைப் பார்க்கவே மாட்டேன். ஒவ்வொரு விசையும் 'ஆயிற்று, ஆயிற்று' என்று விரலுக்குப் பதில் சொல்லும். எழுத்துக் கூலிக்காரனுக்கு அந்தச் சின்ன 'டிக்' சப்தத்தில் எவ்வளவு ஆறுதல் உண்டு என்பது, பேனா காகிதத்தில் உரசும் ஓசையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்குப் புரியும்.

2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க்கிலும் வாஷிங்டனிலும் டெலிபோன்கள் நெரிசலில் சிக்கித் திணறியபோது, பிளாக்பெர்ரிச் செய்திகள் போய்ச் சேர்ந்தன. அதன் பின் அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர்கள் கைகளுக்கு அந்தக் கருவி வந்தது. 2009-ல் ஜனாதிபதி பதவி ஏற்ற பராக் ஒபாமா, பாதுகாப்பு அதிகாரிகளுடன் போராடித் தம் பிளாக்பெர்ரியைக் கையில் வைத்துக்கொண்டார். 2010-ல் நம் இந்திய அரசாங்கமே, அதன் ரகசியச் செய்திகளைப் படிக்க வழி செய்து தராவிட்டால் சேவையை நிறுத்துவோம் என்று எச்சரிக்க நேர்ந்தது.

இந்தக் கருவி இழைத்த குற்றத்தையும் மறைக்கக் கூடாது. வாசற்கதவைத் தட்டும் தபால்காரர் பகலில் வந்தால் பாக்கியம், நள்ளிரவிலும் தட்டினால்? சாப்பாட்டு மேஜையில், குழந்தையின் பிறந்த நாளில், கோயில் பிராகாரத்தில், எங்கேயும் அந்தச் சிவப்பு விளக்கு மினுக்கியது. போதை மருந்தின் பெயரோடு அதன் பெயரை இணைத்து அமெரிக்கர்கள் 'கிராக்பெர்ரி' என்று ஒரு சொல் உண்டாக்கினார்கள். 2006-ல் வெப்ஸ்டர்ஸ் நியூ வோர்ல்ட் அகராதிக்காரர்கள் அதையே அந்த வருஷத்துச் சொல்லாகத் தேர்ந்தெடுத்தார்கள். ஜெர்மனியில் வோக்ஸ்வாகன் மோட்டார் கம்பெனி 2011-ல் தொழிலாளர் சபையோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. வேலை முடிந்து அரை மணிக்குப் பின் ஊழியர்களின் பிளாக்பெர்ரிக்கு மின்னஞ்சல் அனுப்புவதை நிறுத்திவிட வேண்டும். மறுநாள் வேலைக்கு அரை மணி முன்னால்தான் மறுபடி தொடங்க வேண்டும். அவகாசத்தை மிச்சப்படுத்த வந்த கருவியிடமிருந்து அவகாசத்தைக் காப்பாற்ற ஒப்பந்தம் வேண்டியிருந்தது!

இதற்கு நடுவே, 2007 ஜனவரி 9 அன்று ஸான்பிரான்சிஸ்கோவில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஐபோனை வெளியிட்டார். விசை வைத்த டெலிபோன்களைத் திரையில் வரிசையாகக் காட்டி, அவர் சொன்ன வாதத்தின் சாரம் இது: இந்தப் பிளாஸ்டிக் விசைகள் வேண்டிய போதும் இருக்கின்றன, வேண்டாத போதும் இருக்கின்றன, செய்த பிறகு மாற்ற முடியாது, கண்ணாடியோ வேண்டிய உருவத்தை எடுத்துக்கொள்ளும்.

இந்த வாதத்தை நம்மால் எளிதில் தள்ளிவிட முடியாது. தமிழனாக இருந்தால் தள்ளவே முடியாது. மேல் பெர்த்தில் படுத்து இங்கிலீஷில் எழுதினேன் என்றேனே, ஏன்? என் கருவியின் விசைகளில் பொறித்திருந்தவை இங்கிலீஷ் எழுத்துக்கள். அத்தியாயத்தைத் தமிழில் எழுதக் காகிதமும் பேனாவும்தான் வேண்டியிருந்தன. 247 எழுத்துக்கள் கொண்ட மொழிக்காகக் கானடாவில் யார் தனி விசை வார்ப்பார்கள்? கண்ணாடிக்கு அந்தக் கஷ்டம் இல்லை. 2013-ல் ஐபோனுக்குள்ளேயே தமிழ் விசைப்பலகைகள் சேர்ந்து வந்தன. கிராமத்துப் பாட்டியும் பேரனுக்குத் தமிழில் எழுத முடிகிறதென்றால் அது கண்ணாடி தந்த வரம்.

வாட்டர்லூ கம்பெனி அந்த வாதத்தைக் கேட்டுத் தடுமாறியது. பாட்டரியையும் அலைவரிசையையும் சிக்கனமாகச் செலவழிப்பதே தர்மம் என்று வளர்ந்த வீடு அது. படமும் பாட்டும் விளையாட்டும் வேண்டும் என்று ஜனங்கள் கேட்டபோது, முகத்தில் பாதியை விசைகளுக்குக் கொடுத்துவிட்ட கருவி என்ன செய்யும்? 2008-ல் விசையே இல்லாத 'ஸ்டார்ம்' என்ற மாதிரியைச் செய்து பார்த்தார்கள். அது நல்ல பெயர் வாங்கவில்லை. 2011 அக்டோபரில் சேவையே பல கண்டங்களில் சில நாட்கள் ஸ்தம்பித்தது. 2012-ல் சந்தாதாரர்கள் ஏறக்குறைய 8 கோடி. அந்த வருஷ ஆரம்பத்திலேயே லசாரிடிஸும் பால்சிலியும் தலைமையிலிருந்து விலகிவிட்டார்கள். 2016-ல் கம்பெனி தானே டெலிபோன் செய்வதை நிறுத்தியது. 2022 ஜனவரி 4-ல் பழைய பிளாக்பெர்ரிகளுக்கான சேவையும் நின்றது. 2024-ல் ஐபோனின் அடியில் மாட்டிக்கொள்ளும் 'கிளிக்ஸ்' என்ற விசைப்பலகை உறை விற்பனைக்கு வந்தது. பழைய ஆசை சிலரை விடவில்லை என்று தெரிகிறது.

அந்த ஆசை எதற்காக? என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன். விசை டெலிபோனைக் கையில் எடுத்தவனுக்கு யாருக்கோ ஏதோ சொல்ல இருந்தது. அவனை அது அடிமையாக்கியது உண்மை. ஆனால் ஒரு கடிதத்துக்கு முடிவு என்று ஒன்று உண்டு. கையெழுத்தைப் போட்டு அனுப்பிவிட்டால் அந்த வேலை தீர்ந்தது. கண்ணாடியைத் தள்ளிக்கொண்டே போகிறவனுக்கு அப்படி ஒரு முற்றுப்புள்ளி கிடையாது. எத்தனை முறை தள்ளினாலும் அடியிலிருந்து இன்னும் ஒரு படம் எழும்பி வருகிறது. எழுதுகிறவனின் களைப்புக்குக் கணக்கு உண்டு. பார்த்துக்கொண்டே இருப்பவனின் களைப்புக்குக் கணக்கே இல்லை.

2013-ல், ஐபோனுக்குள் தமிழ் நுழைந்த அதே வருஷத்தில், விரல்ரேகைப் பூட்டும் நுழைந்தது. பூட்டைத் திறக்க நாம் அழுத்தும் விரல் பெரும்பாலும் எது என்று கவனித்திருக்கிறீர்களா? கட்டைவிரல்தான். சில வருஷ காலம் உலகத்தின் கடிதங்களை எல்லாம் எழுதிய விரல், மறுபடியும் ரேகை வைக்கப் போய்விட்டது. நம் மொழி இப்போது கண்ணாடிக்குள் வந்து காத்திருக்கிறது. பூட்டைத் திறந்ததும் தள்ளிக்கொண்டே போகாமல், அந்த விரலால் யாருக்காவது நாலு வரி தமிழில் எழுதுங்கள். எழுதத் தெரிந்த விரலைக் கைநாட்டோடு நிறுத்திவிடுவானேன்?