தை ஐந்து

என் அம்மாவும் பெரியம்மாவும் தென்பெண்ணையின் இரு கரைகளில் வாழ்க்கைப்பட்டவர்கள். இடையில் பத்து மைல்கூட இருக்காது. ஆனாலும் கல்யாணம், சாவு தவிர இருவரும் பார்த்துக்கொண்டது ஆண்டுக்கு ஒரே நாள்தான். தை ஐந்தாம் தேதி, மணலூர்பேட்டை ஆற்றுத் திருவிழா. அக்காவைப் பார்க்கப் போகிறேன் என்றால் மாமியாருக்குக் காரணம் சொல்ல வேண்டும். சாமி ஆற்றுக்கு வருகிறது என்றால் யாரும் காரணம் கேட்பதில்லை.

அன்று திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையார் தீர்த்தவாரிக்கு மணலூர்பேட்டை வருவார். திருவிழாவைப் பற்றி எழுதுகிறவர்கள் அதைத்தான் எழுதுகிறார்கள். மணலில் பழம்புடவை விரித்து, தூக்குவாளியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பெண்கள் அந்தக் குறிப்புகளில் இல்லை. கூட்டத்தில் பாதிக்கு மேல் அவர்கள்தான். வளையல் வாங்குவார்கள், சுருளிக் கிழங்கு வாங்குவார்கள். அதெல்லாம் அரை மணி நேர வேலை. மிச்ச நேரம் முழுக்கப் பேச்சு. யார் வீட்டில் அடி, யாருக்கு மூன்று மாதமாகத் தள்ளிப்போயிருக்கிறது, எந்த நகை அடகில் இருக்கிறது, யார் பெண்ணுக்கு எங்கே மாப்பிள்ளை பார்க்கிறார்கள். ஆண்கள் பக்கத்தில் வந்தால் பேச்சு கிழங்கின் விலைக்குத் தாவிவிடும்.

1998 தையில் நான் பன்னிரண்டாம் வகுப்பு. எனக்கு வரன் வந்திருந்தது. அந்த மணலில்தான் பெரியம்மா தன் ஒற்றைச் சங்கிலியைக் கைக்குட்டையில் முடிந்து அம்மாவின் மடியில் வைத்தார். கல்லூரிக்குக் கட்டிய முதல் பணம் அது. அப்பாவுக்குக் கடைசிவரை சொல்லவில்லை.

முனைவர் பட்டத்துக்காகப் பரிபாடல் படித்தபோது, வையையில் பனிக்காலத்தில் நீராடும் பெண்பிள்ளைகளிடம் வந்து நின்றேன். பக்கத்தில் தாய்மார் நிற்கிறார்கள், மூத்த பெண்கள் முறை சொல்லிக் கொடுக்கிறார்கள். நற்றிணையிலும் ஐங்குறுநூற்றிலும் தை நீராட்டம் வருகிறது. சங்ககாலத்துத் தை நீராட்டம் ஆண்டாள் காலத்தில் எப்படி மார்கழி நீராட்டமாயிற்று, மாதக் கணக்கு எங்கே மாறியது என்று அறிஞர்கள் நிறையவே வாதாடியிருக்கிறார்கள். எனக்கிருந்த சந்தேகம் வேறு. விடியற்காலையில் அத்தனை பெண்களை வீட்டைவிட்டு வெளியே விட்டது யார்? நல்ல கணவன் வேண்டும் என்ற நோன்புதான் கதவைத் திறந்திருக்கிறது. வெளியே வந்த பிறகு அவர்கள் கணவனைப் பற்றி மட்டுமா பேசியிருப்பார்கள்?

நான் வேலை பார்க்கும் கல்லூரிக்குத் தை ஐந்து வேலை நாள். விடுமுறை தை மூன்று, காணும் பொங்கலோடு முடிந்துவிடுகிறது. அதனால் எங்கள் குடும்பமும் கள்ளக்குறிச்சியின் பாதிக் குடும்பங்களைப் போல அன்றைக்குக் கல்வராயன் மலைக்கு வேன் பிடிக்கிறது. கச்சிராயபாளையம், கோமுகி அணை, பெரியார் அருவி, கரியாலூர் படகுத்துறை. சந்தோஷமான நாள்தான், மறுக்கவில்லை. ஆனால் நாலு மணிக்கு எழுந்து புளியோதரை கிளறுவது பெண்கள். அருவியில் ஆண்கள் குளித்துவிட்டு வரும்வரை செல்போன்களையும் சட்டைகளையும் மடியில் வைத்துக் காத்திருப்பதும் பெண்கள். குடும்பத்தோடு போவது என்கிறோம். வேனில் யாருடைய குடும்பம் ஏறியிருக்கிறது என்று எண்ணிப் பார்த்ததில்லை.

எண்ணிப் பார்த்தவர், சாலையோரம் கடுக்காய் விற்ற மலையாளிப் பழங்குடிக் கிழவி. எழுபது வயதிருக்கும். அவருக்கு அது வியாபார நாள். சிறுவயதில் பொங்கலுக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "ஜாகீர்தார் காட்டுல வேலை செய்வோம்" என்றார். கூலி? சிரித்தார்.

மூன்று ஜாகீர்களாகக் கிடந்த மலை அது. சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் என்று அவற்றுக்குப் பெயர். இனாம் ஒழிப்புச் சட்டம் 1963இல் வந்தது. மலை முழுதாக அரசின் கைக்கு வந்தது 1976இல்தான். நாடு விடுதலையடைந்து இருபத்தொன்பது ஆண்டுகள் கழித்து! அதுவரை கூலியில்லாத வேலை அங்கே வழக்கம். ஜாகீர் வரலாற்றை நிலவரி, வழக்கு, தீர்ப்பு என்று படிக்கலாம். அந்த வேலையில் பெண்கள் பங்கு எவ்வளவு, அறுப்பு முடிந்து வீட்டுக்கு வந்து அவர்கள் எப்போது உலை வைத்தார்கள் என்பதை இந்தக் கிழவியின் வயதுக்காரர்களிடம்தான் கேட்க வேண்டும். சீக்கிரம் கேட்க வேண்டும்.

"உங்க ஊர்ல ஆத்துத் திருவிழா மாதிரி உண்டா ஆயா?"

"மாரியம்மனுக்கு எடுப்போம். அக்கா தங்கச்சிங்க எல்லாம் வந்துருவாங்க." பேசிக்கொண்டே வேனைப் பார்த்தார். "இவங்கல்லாம் உங்க வீட்டுக்காரர் சனமா?"

ஆமாம் என்றேன்.

"உங்கூடப் பொறந்தவங்க வரலியா?"

தங்கை சேலத்தில் இருக்கிறாள், பார்த்து இரண்டு வருடமாகிறது என்றேன்.

"சேலமா? மலைக்கு அந்தாண்ட எறங்கினா சேலம் சீமைதானே" என்று சொல்லிவிட்டு, படியை எடுத்துக் கடுக்காயை அளக்கத் தொடங்கினார்.