மன்னு முதல் மானிட்டால் வரை

ஒரு சொல் நாடு விட்டு நாடு சென்ற வழியை ஆராய்வது மொழி பயில்வோர்க்கு இன்பம் தரும். அச்சொல் உயிர் காக்கும் மருந்தொன்றின் பெயராகவும் ஆகிவிட்டால், அவ்வழியை அறிவது இன்பத்தோடு பயனும் தரும். தலையில் அடிபட்டு மருத்துவமனையில் நினைவின்றிக் கிடப்பவரின் இரத்தக் குழாய் வழியே ஏற்றப்படும் 'மானிட்டால்' அத்தகைய மருந்தாகும். மூளை வீக்கத்தைத் தணிக்கும் அதன் பெயருக்குள் 'மன்னு' என்னும் பழஞ்சொல் உறைகின்றது.

இஸ்ரவேலருக்கு அருளப்பட்ட மன்னு, ஸல்வாவைத் திருக்குர்ஆன் அல்பகரா, அல்அஃராஃப், தாஹா ஆகிய மூன்று அத்தியாயங்களில் குறிப்பிடுகின்றது. அரபியில் 'மன்னு' என்பதற்குக் கொடை, உபகாரம் என்னும் பொருள்களும் உண்டு. செடி, மரங்களில் கசிந்து உறையும் இனிய சாற்றையும் மக்கள் அப்பெயராலேயே வழங்கினர். அதில் ஒரு வகையைப் பாரசீகர் 'தரஞ்ஜபீன்' என்றனர். ஈரத்தேன் என்பது அதன் பொருள். 1037ஆம் ஆண்டில் மறைந்த ஹகீம் இப்னு ஸீனா 'அல்கானூன்' என்னும் தம் நூலின் மருந்துப் பட்டியலில் அதற்கும் இடமளித்தார். வயிற்றை மென்மையாக இளக்கும் மருந்தாக யூனானி ஹகீம்கள் அதனைக் கையாண்டனர்.

ஐரோப்பாவில் இவ்வகைச் சாற்றுக்குப் புகழ்பெற்ற இடம் ஸிஸிலித் தீவு. அங்கு காஸ்டெல்புவோனோ, பொல்லினா ஆகிய ஊர்களில் கோடைக் காலத்தில் ஆஷ் மரத்தின் பட்டையைக் கீறி, வழிந்து உலரும் வெண்ணிறச் சாற்றைச் சேகரிக்கின்றனர். 827இல் அத்தீவில் கால்வைத்த முஸ்லிம்களின் ஆட்சி இரு நூற்றாண்டுகளுக்கு மேல் நீடித்தது. அங்குள்ள ஜிபில்மன்னா என்னும் மலையூரின் பெயரில் 'ஜபல்' என்னும் அரபுச் சொல் இன்றும் வாழ்கின்றது.

1806இல் பிரெஞ்சு வேதியியலார் ஜோசப் லூயி ப்ரூஸ்ட் அச்சாற்றிலிருந்து ஓர் இனிய பொருளைப் பிரித்தெடுத்தார். மன்னாவின் பெயரால் அறியப்பட்ட அப்பொருளே மானிட்டால். இன்று அது மரத்திலிருந்தன்று, ஆலைகளில் சர்க்கரையிலிருந்தே பெருமளவில் செய்யப்படுகின்றது.

இனி மூளைக்கு வருவோம். மண்டையோடு விரியாத பெட்டி. அதனுள் மூளையும் இரத்தமும் மூளைத் தண்டுவட நீரும் அடங்கியுள்ளன. ஒன்று பெருகினால் மற்றொன்று குறைந்தாக வேண்டும் என்னும் கருத்தை 1783இல் அலெக்சாண்டர் மன்றோவும் 1824இல் ஜார்ஜ் கெல்லியும் எடுத்துரைத்தனர். வீங்கிய மூளைக்கு விலக இடமில்லை. அழுத்தம் மிகுந்தால் இரத்தவோட்டம் குன்றி உயிர் போகும்.

வழி பிறந்தது 1919இல். அமெரிக்காவில் லூயிஸ் வீட், பால் மெக்கிப்பன் இருவரும் பூனைகளின் இரத்தத்தில் செறிந்த உப்புநீரைச் செலுத்தினர், மூளை சுருங்கிற்று. வெறும் நீரைச் செலுத்தியபோதோ வீங்கிற்று. உப்பிட்ட மாங்காய்த் துண்டு நீர் விடுவதை நம் இல்லங்களில் காண்கிறோமே, அதே நியதிதான் இது. செறிவு மிக்க இடம் நீரைத் தன்பால் ஈர்க்கும்.

ஆயினும் தக்க மருந்து எளிதில் கிட்டவில்லை. செறிந்த குளுக்கோஸ் கொடுத்தனர். அது மூளைக்குள்ளும் புகுந்தமையால் வீக்கம் மீண்டது. கரும்புச் சர்க்கரைக் கரைசலோ சிறுநீரகத்தைக் கெடுத்தது. 1956இல் ஈரானில் பிறந்த அறுவை மருத்துவர் மனூச்செஹர் ஜாவித், செட்டிலேஜுடன் இணைந்து யூரியாவின் பயனை வெளியிட்டார். அது அழுத்தத்தைக் குறைத்தது. ஆனால் மெல்ல மூளைக்குள் நுழைந்து மறுவீக்கத்துக்கு வழிசெய்தது. பின்னர் 1961, 62ஆம் ஆண்டுகளில் வைஸ், சேட்டர் இருவரும் மானிட்டாலை முன்வைத்தனர். இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பை அது எளிதில் கடப்பதில்லை. வெளியே நின்றே நீரை ஈர்த்து, பெரும்பாலும் தன்னியல்பு மாறாமலேயே சிறுநீரோடு வெளியேறுகின்றது.

ஹகீம்கள் மன்னாவைக் கொண்டு வயிற்றை இளக்கியதிலும் நீரை ஈர்க்கும் இந்நியதிக்குப் பங்குண்டு. ஒரே பொருள் அன்று குடலில் செய்த வேலையை இன்று மூளையில் செய்கின்றது.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. பெயர் ஒற்றுமையைக் கண்டவுடன், வேதம் கூறும் மன்னு இம்மருந்தே எனச் சிலர் துள்ளியெழுவர். அது முறையன்று. பெயர் வழிவந்தது என்பது வேறு. பொருள் ஒன்றே என்பது வேறு. வேதத்தின் பெருமைக்கு நம் ஊகத்தின் துணை தேவையில்லை. அவ்வாறே, இம்மருந்தைச் சஞ்சீவி எனக் கருதுவதும் பிழை. இதன் ஆற்றல் சில மணி நேரமே நிற்கும். அளவு மீறினால் உடலின் நீரும் உப்பும் நிலைகுலையும், சிறுநீரகம் நலியும். இரத்தக் கட்டியையோ கழலையையோ இது அகற்றாது. அதனை அகற்றும் மருத்துவருக்கு அவகாசம் மட்டுமே வாங்கித் தரும். ஆகவே அடிபட்டவரை உரிய இடத்துக்கு விரைந்து கொண்டு சேர்க்காதவர்க்கு இம்மருந்தால் பயன் சிறிதே.

கொடுத்ததைச் சொல்லிக் காட்டுவதற்கும் அரபியில் 'மன்னு' என்றே பெயர். அது தருமத்தைப் பாழாக்கும் என மறை கண்டிக்கின்றது. பல நாடுகளும் தொடர்புற்ற இவ்வரலாற்றில், இது எம் கொடை எனத் தனித்து மார்தட்ட எவர்க்கும் இடமில்லை. அறிவு கைமாறி வளர்ந்தது; அதனால் பிழைத்தவை மனித உயிர்கள்.