பொழுதுபோக்கு என்று ஒரு கணக்குத் தலைப்பு

"வீட்ல சும்மாதான் இருக்கா. பொழுது போகாம ஏதாவது பின்னிட்டு இருப்பா."

இந்த வாக்கியத்தைக் கேட்காத தமிழ்க் குடும்பம் இருக்காது. வயர் கூடை, குரோஷாவில் பின்னிய டிவி கவர், எம்ப்ராய்டரி போட்ட தலையணை உறை, கல்யாணத்துக்கு முன் தைத்து வைத்த ஜாக்கெட்டுகள் எல்லாமே இந்த ஒரு வாக்கியத்துக்குள் அடங்கிவிடும். எங்கள் ஊர் திசையன்விளைப் பக்கம். ஒரு தெருவில் பத்து வீடு என்றால் ஆறு வீட்டுத் திண்ணையில் வயர் கூடை வளர்ந்துகொண்டிருக்கும்.

இப்போது ஹைதராபாத்தில் எங்கள் குடியிருப்பில் சனிக்கிழமை தோறும் குரோஷா வகுப்பு நடக்கிறது. ஐ.டி.யில் வேலை பார்க்கும் பெண்கள்தான் அதிகம், என் மகளும் போகிறாள். பக்கத்து ஃப்ளாட் மாமி ஒருநாள் கேட்டார், "என்னம்மா, நீ பெண்ணுரிமைன்னு நிறைய பேசுவே. உன் பொண்ணு ஊசி நூலோட உட்கார்ந்திருக்காளே?"

கேலியாகத்தான் கேட்டார். ஆனால் கேள்வி சரியானது. கைவேலை பெண்ணை வீட்டுக்குள் கட்டிப்போட்டதா, கதவைத் திறந்துவிட்டதா? நான் பி.காம் படித்து வங்கிக்கு வந்தவள். சரித்திரம் என் பாடம் இல்லை. ஆனால் ஒரு கணக்கைப் பார்த்தால் பணம் யாரிடமிருந்து யாருக்குப் போனது, யார் பெயரில் வரவு வைக்கப்பட்டது என்று தேடுவது தொழில் பழக்கம். அந்தப் பழக்கத்தோடு இந்த ஊசியைப் பின்தொடர்ந்து போனேன். அது எங்கள் ஊர்ப் பக்கமே கொண்டுபோய் விட்டது.

நாகர்கோவில்: நூலால் வாங்கிய விடுதலை

1819-ல் லண்டன் மிஷன் சார்பில் சார்லஸ் மால்ட் என்பவரும் அவர் மனைவி மார்த்தாவும் நாகர்கோவிலுக்கு வந்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில் மார்த்தா மால்ட் அங்கே பெண் பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். குரோஷா இல்லை, ஒரு திண்டின் மேல் குண்டூசிகளைக் குத்தி, நூல் சுற்றிய சின்னக் குச்சிகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுகிற வகை. கூடவே எழுத்தும் படிப்பும். விற்ற பணம் பள்ளிக்கூடச் செலவுக்கும் ஆனது, பிள்ளைகளுக்குக் கூலியாகவும் கிடைத்தது.

அப்போது அந்தப் பகுதி திருவிதாங்கூர் ராஜ்யம். மனிதர்களை விற்று வாங்குவது அங்கே சட்டப்படி செல்லும். அடிமைமுறை முழுதாக ஒழிக்கப்பட்டது 1855-ல்தான். அடிமைக் குடும்பங்களில் பிறந்த சில சிறுமிகள், லேஸ் பின்னிய கூலியைச் சேர்த்துத் தங்கள் விடுதலையைத் தாங்களே விலை கொடுத்து வாங்கினார்கள் என்று மிஷன் வரலாறுகளில் பதிவாகியிருக்கிறது.

நான் வீட்டுக் கடன் முடித்தவர்களுக்குப் பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். அந்த நேரத்தில் அவர்கள் முகம் எப்படி இருக்கும் என்று தெரியும். தன்னையே மீட்டுக்கொண்ட ஒரு சிறுமியின் முகம் எப்படி இருந்திருக்கும்?

அதே ஊரில், அதே காலத்தில், ஊசிக்கு இன்னொரு சண்டையும் இருந்தது. நாடார் பெண்கள் மார்பை மூடக் கூடாது என்ற கட்டுப்பாட்டை எதிர்த்த தோள்சீலைப் போராட்டம் நம் எல்லோருக்கும் தெரியும். மிஷனரிகளின் மனைவிமார் அந்தப் பெண்களுக்காகத் தளர்வான ஒரு ரவிக்கையை வடிவமைத்தார்கள். 1859-ல் ராஜ்யம் பிறப்பித்த ஆணை ரவிக்கை போடலாம் என்றது. உயர்சாதிப் பெண்களைப் போல மேலாடை அணியக் கூடாது என்றும் சேர்த்துச் சொன்னது. அந்தப் பெண்களுக்கு ஒரு ரவிக்கையைத் தைத்துப் போட்டுக்கொள்வது பொழுதுபோக்கு இல்லை, போராட்டம்.

மால்ட் தம்பதியின் மகள் எலைசா. நாகர்கோவிலில் வளர்ந்து நன்றாகத் தமிழ் பேசியவர். 1844-ல் ராபர்ட் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்கு வந்தார். ஆமாம், திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய அதே கால்டுவெல்தான். எலைசா இடையன்குடிப் பெண்களுக்கு லேஸ் கற்றுக்கொடுத்தார். கால்டுவெல்லுக்குச் சென்னைக் கடற்கரையில் சிலை இருக்கிறது. எலைசாவை எங்கள் பக்கத்துக்காரர்களிலேயே எத்தனை பேர் அறிவார்கள்?

இதை முழுக்கப் புனிதமாக்கவும் முடியாது. என்ன பின்னுவது, எங்கே விற்பது என்று முடிவு செய்தது மிஷன்தான். நல்ல இல்லத்தரசியாக வளர்ப்பதும் அந்தப் பள்ளிகளின் நோக்கம். ஆனாலும் பின்னினவள் கைக்குக் கூலி வந்தது. அதை என்ன செய்வது என்று அவளில் சிலராவது முடிவு செய்ய முடிந்தது.

நர்சாபூர்: "வேலை செய்யாத" பெண்கள்

அடுத்து ஆந்திராவின் கோதாவரி டெல்டா. ஹைதராபாத் வருவதற்கு முன் அந்தப் பக்கத்துக் கிளை ஒன்றில் மூன்று வருஷம் இருந்தேன். நர்சாபூர் பக்கத்துக் கிராமங்களில் பெண்கள் குரோஷா ஊசியில் லேஸ் பின்னுவார்கள். அங்கேயும் இதைக் கொண்டுவந்தது 19-ஆம் நூற்றாண்டு மிஷனரிகள்தான். ஆனால் கதை வேறு பாதையில் போனது. உள்ளூர் வியாபாரிகள் இதை ஏற்றுமதித் தொழிலாக்கினார்கள்.

ஏஜென்ட் வீட்டுக்கு வந்து நூல் கொடுப்பார். ஒரு பெண் பூ மட்டும் பின்னுவாள். இன்னொருத்தி பூக்களைச் சேர்ப்பாள். முடிந்ததை ஏஜென்ட் வாங்கிப் போவார். கூலி பின்னின அளவுக்கு. மேஜை விரிப்பாக அது ஐரோப்பாவில் யாரோ ஒருவர் வீட்டுக்குப் போய்ச் சேரும்போது என்ன விலை என்று பின்னினவளுக்குத் தெரியாது.

1970-களின் கடைசியில் ஜெர்மானிய சமூகவியலாளர் மரியா மீஸ் அங்கே ஆய்வு செய்தார். 1982-ல் அது புத்தகமாக வந்தது. ஒரு லட்சத்துக்குக் குறையாத பெண்கள் இதில் இருந்தார்கள். சமையல், தண்ணீர், பிள்ளைகள் எல்லாம் பார்த்ததற்கு மேல் தினமும் ஆறு, எட்டு மணி நேரம் பின்னினார்கள். கிடைத்த கூலி விவசாயக் கூலியை விடக் குறைவு. வேலைக்கு வெளியே போவது கௌரவக் குறைச்சல் என்று நினைத்த சாதிகளில், வீட்டுக்குள்ளேயே செய்யும் லேஸ் கௌரவமான வேலையாக இருந்தது. அந்த கௌரவத்துக்கான விலையைக் கூலியில் கழித்துக்கொண்டார்கள்!

எல்லாவற்றையும் விட முக்கியமான விஷயம் இது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இவர்கள் தொழிலாளர்கள் இல்லை, இல்லத்தரசிகள். லேஸ் என்பது ஓய்வு நேரத்தில் செய்வது. வியாபாரிகள் அப்படித்தான் சொன்னார்கள். அந்தப் பெண்களே அப்படித்தான் சொன்னார்கள். ஓய்வு நேரத்தில் செய்வதற்கு யார் முழுக் கூலி கேட்பார்கள்?

என் அனுபவமும் சொல்கிறேன். மகளிர் குழுக் கடனுக்கு விண்ணப்பம் வாங்கும்போது "தொழில்" என்ற கட்டம் வரும். கையில் லேஸ் ஊசியோடு உட்கார்ந்திருப்பவரிடம் கேட்டால் "ஏமீ லேது மேடம், இன்ட்லோனே" என்பார். ஒண்ணுமில்லை மேடம், வீட்டிலேதான். என் முன்னால் இருந்த ஆபீசர்கள் எல்லோரும் அந்தக் கட்டத்தில் "ஹவுஸ்வைஃப்" என்று நிரப்பியிருந்தார்கள். நான் "லேஸ் தொழில்" என்று எழுத ஆரம்பித்தேன். ஒரு மேலதிகாரிக்கு அது பிடிக்கவில்லை; வருமானச் சான்று எங்கே என்று கேட்டார். ஏஜென்டின் துண்டுச்சீட்டுகளை ஒட்டி அனுப்பினேன். சில கடன் பாஸ் ஆனது, சிலது ஆகவில்லை.

2024-ல் நர்சாபூர் லேஸுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. சந்தோஷம். ஊர் பெயர் பதிவாகிவிட்டது. பின்னின கைகளின் பெயர்?

ஊசியோடு பெண்ணியத்துக்கு என்ன சண்டை?

படித்து வேலைக்குப் போன முதல் தலைமுறைப் பெண்களுக்கு ஊசியைக் கண்டாலே கோபம் வந்தது நியாயம்தான். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். "நீ கணக்கு போடு, கூடை பின்ன நான் இருக்கேன்" என்பார் அம்மா. பின்னத் தெரிந்த பெண்ணை அடக்கமானவள் என்று மாப்பிள்ளை வீட்டுக்குக் காட்டிய காலம் அது.

ஆனால் ஓட்டுரிமை கேட்டுப் போராடிய இங்கிலாந்துப் பெண்கள் ஊசியைத் தூக்கி எறியவில்லை. 1908 லண்டன் ஊர்வலத்தில் அவர்கள் ஏந்திப் போன பதாகைகள் பல கையால் தைத்தவை. 1912-ல் ஹாலோவே சிறையில் இருந்த போராட்டக்காரர்கள் ஒரு கைக்குட்டையில் தங்கள் கையெழுத்துகளைப் பூத்தையலாகப் போட்டார்கள். 66 கையெழுத்து. அது இன்றும் அங்கே ஒரு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அடக்கத்தின் அடையாளம் என்று கற்றுக்கொடுத்த தையலிலேயே அடங்காதவர்கள் பெயர் போட்டுவிட்டார்கள்.

நம் நாட்டில் கமலாதேவி சட்டோபாத்யாய். 1926-ல் சென்னை மாகாண சட்டசபைத் தேர்தலில் நின்று மிகச் சில ஓட்டுகளில் தோற்றவர். பெண்ணுரிமைக்காக மாநாடு நடத்திய அதே ஆள்தான் 1952-ல் அகில இந்தியக் கைவினை வாரியத்தின் தலைவரானார். அவருக்கு இரண்டும் வேறு வேறு வேலையாகத் தெரியவில்லை.

அகமதாபாத்: கையெழுத்துப் போடக் கற்ற இரவு

வங்கிக்காரியாக எனக்கு மிகவும் பிடித்த அத்தியாயம் இது. 1972-ல் இலா பட் அகமதாபாத்தில் 'சேவா' சங்கத்தைப் பதிவு செய்யப் போனபோது, முதலாளி யார் என்று தெரியாத இவர்கள் எப்படித் தொழிற்சங்கம் ஆக முடியும் என்று தொழிலாளர் துறை மறுத்தது. வாதாடித்தான் பதிவு வாங்கினார்கள். தலைச்சுமைக்காரர்கள், தெரு வியாபாரிகள், வீட்டிலிருந்து தைப்பவர்கள், பீடி சுற்றுபவர்கள் எல்லோரும் அதில் இருந்தார்கள்.

1974-ல் 4,000 பெண்கள் ஆளுக்குப் பத்து ரூபாய் போட்டு ஒரு கூட்டுறவு வங்கி தொடங்கினார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் வங்கி நடத்துவதா என்று சிரித்தவர்கள் உண்டு. பதிவுக்குக் கையெழுத்து வேண்டும் என்றதும், ராத்திரி முழுக்க உட்கார்ந்து பெயர் எழுதிப் பழகினார்கள். பாஸ்புக்கில் புகைப்படம் ஒட்டி அடையாளம் பார்த்தார்கள். கூலி புருஷன் கைக்குப் போகாமல் அவள் பெயரில் இருந்த கணக்குக்கு வந்தது.

வீட்டிலிருந்து செய்வதும் வேலைதான் என்று இவர்கள் விடாமல் சொன்னதற்குப் பலன், 1996-ல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு நிறைவேற்றிய 177-ஆம் ஒப்பந்தம். இந்தியா இதுவரை அதை ஏற்று உறுதி செய்யவில்லை என்பது வேறு விஷயம்.

சரி, மாமியின் கேள்விக்குப் பதில்

மூன்று ஊர்களிலும் செய்தது ஊசி நூல் வேலையும் கை வேலையும்தான். மாறியது கணக்கு. பணம் யார் கைக்கு வந்தது, பெயர் யாருடையது, அதை வேலை என்று எழுதினார்களா, வேண்டாம் என்று ஊசியைக் கீழே வைக்க அவளுக்கு உரிமை இருந்ததா. இந்த நாலு கேள்விக்கும் பதில் தெரிந்தால், அது சங்கிலியா சாவியா என்று சொல்லிவிடலாம்.

அப்படியென்றால் பணமே வராத வெறும் பொழுதுபோக்கு? அதற்கும் ஒரு கணக்கு உண்டு. 2019-ல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் செலவிடுவது 299 நிமிடம், ஆண்கள் 97. 2024-ல் 289, 88. வித்தியாசம் 202 நிமிடத்திலிருந்து 201-க்கு வந்திருக்கிறது. ஐந்து வருஷத்தில் ஒரு நிமிடம்! :-)

பொழுதே இல்லாதவளுக்கு எதைப் போக்குவது? உண்மையான பொழுதுபோக்குக்கு முதலில் சொந்தமாக ஒரு பொழுது வேண்டும். என் மகள் சனிக்கிழமை இரண்டு மணி நேரம் தனக்குப் பிடித்ததைப் பின்னுகிறாள், பிடிக்காத அன்று போவதில்லை. அந்த நேரத்தில் சமையலறையில் அவள் அண்ணன் பாத்திரம் கழுவுகிறான். மாமியிடம் இதைத்தான் சொன்னேன். "அப்போ என்னையும் சேர்த்து விடு" என்றார்.

ஊரை விட்டு வந்திருக்கும் நம் வீடுகளில் பலவற்றில் அம்மாவோ பாட்டியோ பின்னின ஏதாவது ஒன்று பெட்டியில் கிடக்கும். அடுத்த முறை ஊருக்கு போன் பேசும்போது கேட்டுப் பாருங்கள். யார் கற்றுக்கொடுத்தார்கள், எத்தனை விற்றீர்கள், என்ன கிடைத்தது, அந்தப் பணம் எங்கே போனது என்று. எங்கள் வயர் கூடைக் கணக்கை அம்மாவிடம் கேட்டேன். என் ப்ளஸ் டூ டியூஷன் ஃபீஸ் அதில்தான் கட்டினாராம். அப்பாவுக்கு இன்றுவரை தெரியாது.