பாகவதர் என்பது யார் வீட்டுப் பெயர்?

செம்பை வைத்தியநாத பாகவதர், ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர், எம். கே. தியாகராஜ பாகவதர். மூவரையும் ஒரே வம்சமென்று வெளியூர்க்காரர் நினைத்தால் அவர்மேல் குற்றமில்லை. ஆனால் செம்பை பாலக்காட்டுக்காரர். தியாகராஜரோ மாயவரத்துப் பொற்கொல்லர் கிருஷ்ணமூர்த்தி ஆச்சாரியின் மகன். அப்பாவின் பின்பெயர் மகனிடம் இல்லை. அப்படியானால் ‘பாகவதர்’ சாதிப் பெயருமில்லை, குடும்பப் பெயருமில்லை. தொழிலின் பெயர். கையில் சிப்ளாக்கட்டையைத் தட்டித் தாளம் போட்டபடி, பாகவதக் கதையைப் பாட்டும் வசனமுமாகச் சொன்னவர் பாகவதர். தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர் (1847–1903) இப்படிக் கதை சொல்லும் கதாகாலட்சேபத்துக்குப் புது உருக் கொடுத்தவர். கதை சொல்ல நல்ல குரல் வேண்டும். அதனால் கதை சொல்லாமல் பாட மட்டுமே செய்தவருக்கும் பெயர் ஒட்டிக்கொண்டது. பிறகு நாடக மேடை, அதன் வழியே சினிமா. 1944இல் வந்து மூன்று தீபாவளி கண்ட ‘ஹரிதாஸ்’ படத்தின் நாயகன் தியாகராஜரை ஊர் வெறுமனே ‘பாகவதர்’ என்றே அழைத்தது!

செம்பையின் தந்தையும் அனந்த பாகவதர்தானே, தியாகராஜரின் தம்பி கோவிந்தராஜனும் பாகவதர்தானே, இது பரம்பரைப் பெயராகாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அவர்களும் பாடியவர்களே. தொழில் வீட்டில் தங்கியது, பெயரும் கூடவே தங்கியது. பாடாத ஆச்சாரி கடைசிவரை ஆச்சாரியாகத்தான் இருந்தார்.