ஒற்றைத் தலைவலியும் மின் மருத்துவமும்: ஒரு வரலாற்று ஆய்வு

முன்னுரை

தலையின் ஒரு பக்கத்தே தோன்றி வருத்தும் நோயை நம் மக்கள் ஒற்றைத் தலைவலி என வழங்குவர். கிரேக்கர் இதனை 'எமிகிரேனியா' என்றனர். 'பாதி மண்டை' என்பது அதன் பொருள். அச்சொல்லே இலத்தீன், பிரெஞ்சு மொழிகளின் வழியே திரிந்து 'மைக்ரேன்' ஆயிற்று. இருமொழியாளரும் நோய் பற்றும் இடத்தையே பெயர்க்குக் காரணமாகக் கொண்டமை நோக்கத்தக்கது.

அறுவையின்றிப் புறத்தே நின்று மின்னாற்றலைச் செலுத்தி இந்நோயைத் தணிக்கும் முறை முற்றிலும் புதியது என்பார் ஒரு சாரார். ஈராயிரம் ஆண்டுப் பழைமை உடையது என்பார் மற்றொரு சாரார். இவ்விரு கூற்றும் எத்துணைப் பொருந்தும் என்பதை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மீன் மருத்துவம்

உரோமாபுரியில் கிளாடியசு மன்னன் காலத்தில் வாழ்ந்தவர் இசுக்கிரிபோனியசு இலார்கசு என்னும் மருத்துவர். கி. பி. 47-ஐ ஒட்டி இவர் இயற்றிய மருந்து நூல், நாட்பட்ட தலைவலிக்கு ஒரு வழி கூறுகிறது. உடலில் மின்னாற்றல் உடைய கருந்திருக்கை மீனை உயிரோடு வலியுள்ள இடத்தில் வைத்தல் வேண்டும். அவ்விடம் மரத்தவுடன் எடுத்துவிடல் வேண்டும். ஒரு மீன் போதாதாயின் வேறு மீன்களும் கைவசம் இருத்தல் வேண்டும் என்பது அதன் கருத்து. ஈண்டு அவர் குறிப்பது பொதுவான தலைவலியே. ஒற்றைத் தலைவலி எனப் பிரித்துக் கூறினாரல்லர். பழைமை பேசுவோர் இவ்வேறுபாட்டை மறந்துவிடுகின்றனர்.

இரண்டாம் நூற்றாண்டினரான கேலன் இம்மருந்தைத் தாமே ஆய்ந்தார். பிறர் கூறியவாறு மீனை இட்டபோது பயன் விளையவில்லை. உயிருள்ள மீனை இட்டபோதே வலி தணிந்தது என்கிறார். எனினும் உணர்வை மரக்கச் செய்யும் பிற மருந்துகளோடு ஒப்பவே அவர் இதனைக் கருதினார். மின்சாரம் என்னும் எண்ணம் அவர்க்கு இல்லை. சான் வால்சு என்னும் ஆங்கிலேயர் 1772-இல் பிரான்சு நாட்டு இலா ரோசெல் துறைமுகத்தில் செய்த சோதனைகளாலேயே அம்மீனின் தாக்கு மின்தாக்கு என்பது விளங்கலாயிற்று. ஆகவே, பண்டையோர் மின்னின் பயனைத் துய்த்தனர். மின்னை அறிந்தாரல்லர் என்பதே பொருந்தும்.

ஐயம் தோன்றிய காலம்

பதினெட்டாம் நூற்றாண்டில் மின்பொறிகள் பெருகின. எந்நோயையும் மின்சாரம் தீர்க்கும் என்னும் நம்பிக்கையும் பெருகிற்று. அக்காலத்தே பெஞ்சமின் பிராங்கிளின் 1757-இல் எழுதிய மடல் ஒன்று குறிப்பிடத்தக்கது. வாத நோயாளர் பலர்க்கு அவர் மின்தாக்கு அளித்தார். முதல் சில நாள்களில் நலம் தோன்றிற்று. பின்னர் அது நிலைக்கவில்லை. தோன்றிய அச்சிறு நலமும் மின்னால் விளைந்ததோ, பயணத்தின் உழைப்பாலும் குணமாவோம் என்னும் நம்பிக்கையாலும் விளைந்ததோ என அவர் ஐயுற்றார். இவ்வரலாற்றில் புதுமை எனத்தக்கது இவ்வையமேயாகும்.

இக்கால நிலை

இந்நோயில் மூளையின் பங்கு இருபதாம் நூற்றாண்டில் தெளிவுறலாயிற்று. வலிக்கு முன் தமக்குத் தோன்றும் ஒளித்தோற்றம் பார்வைப்புலத்தில் பரவும் விரைவைக் கணித்து, மூளைப்புறணியில் நிமிடத்திற்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் அளவில் ஏதோ ஒன்று பரவுகின்றது என்றார் இலேசுலி (1941). முயலின் மூளையில் அத்தகைய பரவும் ஒடுக்கத்தை இலியாவோ என்பவர் கண்டு 1944-இல் வெளியிட்டார்.

1985-இல் செபீல்டு நகரில் பார்க்கரும் அவர்தம் துணைவரும் காந்தத் துடிப்பினால் மண்டையின் புறத்தே இருந்தே மூளையில் மின்னோட்டம் தூண்டும் கருவியை அமைத்தனர். 2010-இல் வெளிவந்த ஆய்வொன்றில், முன்தோற்றத்தோடு கூடிய ஒற்றைத் தலைவலி உடையார் 82 பேர்க்கு மெய்க்கருவியும் 82 பேர்க்குப் போலிக்கருவியும் அளிக்கப்பட்டன. இரண்டு மணி நேரத்தில் வலி நீங்கப்பெற்றோர் முறையே நூற்றுக்கு 39, 22 ஆவர். 2013-இல் பெல்சியத்தார் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், 67 பேர் நெற்றியில் நாளும் 20 நிமிடம் மின்துடிப்பு ஏற்றனர். மூன்றாம் திங்களில் வலிநாள்கள் பாதியாகக் குறைந்தோர் மெய்க்கருவியால் நூற்றுக்கு 38.1, போலிக்கருவியால் 12.1 ஆவர். பின்னது மூளையையன்று, நெற்றியின் நரம்பையே தூண்டுவது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கூறுதல் பிழை.

முடிவுரை

போலிக்கருவியாலும் நூற்றுக்கு 22 பேர் வலி நீங்கினர் என்பது சிந்திக்கற்பாலது. பிராங்கிளின் ஐயுற்ற நம்பிக்கையின் ஆற்றலும் நோயின் இயல்பான தணிவும் அவ்வெண்ணுள் அடங்கும். இரு எண்களுக்கும் இடைப்பட்ட வேறுபாடே கருவியின் பயன். அது சிறிதாயினும் மெய். உயிருள்ள மீனையும் உயிரற்றதையும் வேறு பிரித்துக் கண்ட கேலனின் நோக்கோடு இச்சோதனை முறையை ஒருபுடை ஒப்பிடலாம். எனினும், நாம் இன்று அறிந்ததைப் பண்டையோர் மேல் ஏற்றிக் கூறுதல் வரலாறு ஆகாது. ஆதலின் இம்மருத்துவத்தின் பயிற்சி பழையது, விளக்கம் இடைக்காலத்தது, நிறுவிய சான்று நம் காலத்தது எனக் கொள்ளுதலே சாலும்.