எண்ணெய்ப்பனை: சிறு விவசாயிகளின் விதைத் தேர்வும் சாகுபடியும்

எண்ணெய்ப்பனை மேற்கு ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட மரம். பழச்சதையிலிருந்து பாமாயிலும், பருப்பிலிருந்து வேறோர் எண்ணெயும் கிடைக்கின்றன. குத்துக்கல்வலசை, தென்காசி, செங்கோட்டை வட்டாரத்துக்கு மிக அருகிலுள்ள பெருந்தோட்டங்கள் ஆரியங்காவு கணவாய்க்கு அப்பால், கொல்லம் மாவட்டத்தின் குளத்தூப்புழை, ஏரூர், சிதறா பகுதிகளில் உள்ளன. அவை ஆயில் பாம் இந்தியா நிறுவனத்துக்குச் சொந்தமானவை.

விதை வகைகள்

பழத்தின் ஓட்டை வைத்து மரங்களை மூன்றாகப் பிரிப்பர். டியூராவுக்கு ஓடு தடிமன், சதை குறைவு. பிசிஃபெராவுக்கு ஓடே கிடையாது. பெரும்பாலும் காய் பிடிக்காது. இரண்டையும் கலந்தால் வரும் டெனெராவுக்கு ஓடு மெல்லியது, சதை மிகுதி. பழத்தைக் குறுக்கே வெட்டினால் டெனெராவின் ஓட்டைச் சுற்றிக் கறுத்த நார் வளையம் தெரியும். ஓட்டின் தடிமனை ஒரே மரபணு தீர்மானிக்கிறது என்பது 1941இல் காங்கோவில் நிறுவப்பட்டது.

தோட்டத்து விதையின் சிக்கல்

நன்றாகக் காய்க்கும் டெனெரா மரத்தடியில் பொறுக்கிய விதையும் நல்லதாகவே இருக்கும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் ஓடு தாய் மரத்தின் திசு. உள்ளே உள்ள கருவின் வகையை அது காட்டாது. டெனெராவோடு டெனெரா கலந்தால் கன்றுகளில் பாதி மட்டுமே டெனெரா ஆகும். கால் பங்கு டியூரா, கால் பங்கு பிசிஃபெரா. இந்த வேறுபாடு நாற்றங்காலில் கண்ணுக்குத் தெரியாது. குலை தள்ளிய பிறகே தெரியும். அதற்குள் மூன்று நான்கு ஆண்டு உழைப்பும் உரச்செலவும் போயிருக்கும். எனவே டியூராவைத் தாயாகவும் பிசிஃபெராவைத் தந்தையாகவும் வைத்து, கட்டுப்படுத்திய மகரந்தச் சேர்க்கையில் எடுத்த விதையே நடவுக்கு ஏற்றது. ஆந்திரத்தின் பெதவேகியில் 1995இல் தொடங்கிய தேசிய எண்ணெய்ப்பனை ஆராய்ச்சி நிறுவனமும், கேரளத்தின் பாலோட்டில் உள்ள அதன் மையமும் இத்துறையில் பணியாற்றுகின்றன.

சாகுபடி

12 முதல் 14 மாதக் கன்றுகளை 9 மீட்டர் முக்கோண இடைவெளியில் நட்டால் எக்டேருக்கு 143 மரங்கள் நிற்கும். முதல் மூன்று ஆண்டுகள் ஊடுபயிர் செய்யலாம். தொடக்கத்தில் வரும் பூங்குலைகளை அகற்றினால் தண்டு பருக்கும். வளர்ந்த மரத்துக்குக் கோடையில் நாளொன்றுக்கு 200 லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் வேண்டும். மலைக்கு அப்பாலுள்ள கேரளத் தோட்டங்களைப் போல மழையை நம்பி, மழை மறைவுப் பக்கமான தென்காசிச் சமவெளியில் நட முடியாது. கிணறும் சொட்டுநீரும் தேவை. எலெய்டோபியஸ் காமெருனிகஸ் என்னும் சிறு கூன்வண்டு மகரந்தத்தைப் பரப்புகிறது. பழங்கள் தானாக உதிரத் தொடங்கியதும் குலையை வெட்ட வேண்டும்.

சந்தையும் உதவியும்

வெட்டிய குலை 24 மணி நேரத்துக்குள் ஆலையைச் சேராவிட்டால் எண்ணெயின் தரம் கெடும். 2021இல் ஒன்றிய அரசு ஒப்புதல் அளித்த எண்ணெய்ப்பனைக்கான தேசிய இயக்கம், நடவுப் பொருளுக்கான உதவியை எக்டேருக்கு 12,000 ரூபாயிலிருந்து 29,000 ரூபாயாக உயர்த்தியது. மரம் ஏறத்தாழ 25 ஆண்டுகள் பலன் தரும் என்பதால், சான்று பெற்ற டெனெரா கன்று, நிச்சயமான தண்ணீர், எட்டும் தொலைவில் ஆலை ஆகிய மூன்றையும் உறுதிசெய்த பிறகே நடவு செய்ய வேண்டும்.